கரண்ட் போன நேரத்து லப்டொப் திரை: பின்னொளியைக் குறைப்பதா, படத்தைப் பனலிடமே விட்டுவிடுவதா?

மாரி மழை தொடங்கினால் மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கமும் கரண்ட் போவது புதினமில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தபோது, அதுவரை பற்றரி அமைப்புகளைத் திறந்தே பாராதவர்களும் அங்கே கண்ணில் பட்ட சுவிட்ச் எல்லாவற்றையும் போட்டு வைத்தார்கள். அப்படிப் போட்டதில் பலது இன்றைக்கும் அப்படியே கிடக்கிறது. திரை தானாக மங்குது, வெள்ளைப் பக்கம் சாம்பலாகத் தெரியுது, படத்தின் நிறம் மாறுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு வரும் லப்டொப்புகளில் கணிசமானவற்றுக்குப் பனல், அதாவது திரைத் தகடு, பழுதே இல்லை. திரைக்குப் படம் அனுப்பும் பகுதியை இயக்கும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவர் மின்சாரம் சேமிக்கிறது, அவ்வளவுதான்.

டிரைவர் திரையில் சேமிப்பதற்கு முக்கியமாக இரண்டு வழி. ஒன்று, திரைக்குப் பின்னாலிருந்து எரியும் பின்னொளியைக் குறைத்துவிட்டு, குறைத்தது தெரியாமல் இருக்கப் பிக்சல்களை வெளிறச் செய்வது. இன்டெல் இதை டிபிஎஸ்டி என்கிறது. ஏஎம்டி விண்டோஸில் வாரி பிரைட் என்றும் லினக்ஸில் ஏபிஎம் என்றும் சொல்கிறது. மற்றது பிஎஸ்ஆர், அதாவது பனல் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்வது. படம் அசையாமல் நிற்கும்போது பனலுக்குள் இருக்கும் சிறு நினைவகம் கடைசிப் படத்தை வைத்துத் திரும்பத் திரும்பக் காட்டும். கிராபிக்ஸ் பக்கம் படம் அனுப்புவதை நிறுத்திவிட்டு உறங்கும்.

நமது சாய்வை முதலே சொல்லிவிடலாம். பிஎஸ்ஆர் இருக்கட்டும், பின்னொளி விளையாட்டை நிறுத்துங்கள், வெளிச்சத்தைக் கையால் குறையுங்கள்.

கையால் குறைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 15.6 அங்குல எல்சிடி பனலின் பின்னொளி முழு வெளிச்சத்தில் ஏறக்குறைய 3 முதல் 4 வாட் இழுக்கும். பாதிக்குக் கொண்டுவந்தால் அந்தச் செலவும் கிட்டத்தட்ட பாதியாகும். எல்லாரும் அறிந்தது, எந்த டிரைவரும் வேண்டாம், எந்தப் பழுதும் வராது. கல்லடிக் கடற்கரைக் காற்றில் உட்கார்ந்து வேலை செய்ய நினைப்பவருக்கு மட்டும் இது சரிப்படாது. அங்கே பகல் வெளிச்சத்தில் முழு வெளிச்சமே போதாது.

இனி விஷயத்துக்கு வருவோம். டிரைவரின் இந்த இரண்டு வழியில் எது உங்களுக்கு உண்மையில் மிச்சம் தரும் என்பதைத் தீர்மானிப்பது லப்டொப்பின் விலையோ தலைமுறையோ அல்ல. பற்றரியில் ஓடும் நேரம் திரையில் என்ன இருக்கிறது என்பதுதான். பிரிவிற்குப் பிரிவு சுவிட்ச் சுவிட்சாக ஒப்பிடுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

டிபிஎஸ்டி ஒவ்வொரு படத்திலும் எத்தனை பிக்சல் இருட்டு, எத்தனை வெளிச்சம் என்று கணக்கெடுக்கிறது. இருட்டான படமென்றால், ஒரு இரவுக் காட்சி என்று வையுங்கள், பிக்சல்களின் பெறுமானத்தை மேலே தூக்க இடமிருக்கிறது. தூக்கிவிட்டு பின்னொளியைத் தாழ்த்தலாம், கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியும். ஆனால் வேர்ட் ஆவணம், எக்செல் தாள், ஸ்கேன் பண்ணிய கடந்தகால வினாத்தாள், பிரதேச செயலகத்துப் படிவம் எல்லாமே வெள்ளை. வெள்ளைப் பிக்சல் ஏற்கெனவே உச்சப் பெறுமானமான 255இல் நிற்கிறது, அதற்குமேல் தூக்க இடமில்லை. அப்போது டிரைவருக்கு இரண்டே தெரிவு. ஒன்றும் செய்யாமல் விடலாம், அப்படியானால் மிச்சமில்லை. அல்லது ஈடுசெய்யாமலே பின்னொளியைத் தாழ்த்தலாம். சேமிப்பு மட்டத்தைக் கூட்டி வைத்திருந்தால் இந்த இரண்டாவதுதான் நடக்கும். அதைத்தான் வெளிச்ச விசையை இரண்டு தரம் அழுத்தி நீங்களே செய்துவிடலாமே! வித்தியாசம் என்னவென்றால், நீங்கள் செய்தால் அது அங்கேயே நிற்கும். டிரைவர் செய்தால் ஒவ்வொரு ஜன்னல் மாற்றத்துக்கும் ஏறி இறங்கும்.

பிஎஸ்ஆர் இதற்கு நேர்மாறு. அதற்கு வெள்ளையும் கறுப்பும் ஒன்றுதான். அசைவு மட்டுமே கணக்கு. வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ படிக்கும் பிள்ளை ஒரு பிடிஎஃப் பக்கத்தைத் திறந்து மூன்று நிமிடம் வாசித்தால், அந்த மூன்று நிமிடமும் கிராபிக்ஸ் பகுதிக்கு வேலையில்லை. படம் அனுப்பும் இணைப்பு அணைந்திருக்கும், நினைவகத்திலிருந்து வினாடிக்கு 60 தடவை படத்தை வாசிக்கும் வேலையும் நின்றிருக்கும். அதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. திரைக்குப் படம் ஊட்டும் பகுதி விழித்திருக்கும்வரை ப்ராசசர் முழுமையாக ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகமுடியாது. இன்டெல் சிப்புகளில் மிக ஆழமான உறக்க நிலைகள், திரை எரிந்துகொண்டிருக்கும்போதே கிடைக்க வேண்டுமானால் பெரும்பாலும் பிஎஸ்ஆர் வேலை செய்ய வேண்டும். ஆகவே மிச்சம் பனலில் மட்டுமல்ல, முழு இயந்திரத்திலும் வரும்.

கணக்குப் பார்க்க ஒரு உதாரணம். 42 வாட் மணி பற்றரி, வாசிக்கும்போது 7 வாட் இழுக்கும் லப்டொப் என்றால் 6 மணி நேரம் நிற்கும். ஒரு வாட் குறைந்தால் 7 மணி நேரம். இவ்வளவு குறைவான செலவில் ஓடும் இயந்திரத்தில் அரை வாட்டும் பெரிது. அதே அரை வாட், 40 வாட் இழுக்கும் கேமிங் லப்டொப்பில் கண்ணிலேயே படாது. அந்த வகை வைத்திருப்பவர்கள் இந்த அலசலை விட்டுவிட்டு, 144 ஹெர்ட்ஸ் திரையை 60க்கு இறக்கினாலே போதும். செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்ட் டிஸ்பிளே என்று போனால் அந்தத் தெரிவு இருக்கும்.

பிஎஸ்ஆருக்கும் எதிரி உண்டு: சின்னச் சின்ன அசைவுகள். இணையப் பக்கத்தில் ஓடும் விளம்பரம், வினாடி காட்டும் கடிகாரம், அசையும் வால்பேப்பர், வேர்டில் கண்சிமிட்டும் கர்சர். விண்டோஸில் கர்சர் வழமையாக 530 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை மாறும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் கிராபிக்ஸ் எழும்ப வேண்டும். லப்டொப் பனலுக்குப் படம் கொண்டுபோகும் இணைப்புக்கென 2011இல் வந்த இடிபி 1.3 தரத்தில் இருந்த முதல் பிஎஸ்ஆர், ஒரு புள்ளி மாறினாலும் முழுப் படத்தையும் திரும்ப அனுப்பும். பின்னர் இடிபி 1.4 உடன் வந்த பிஎஸ்ஆர்2, மாறிய பகுதியை மட்டும் அனுப்பும். பழைய பனல் என்றால் கன்ட்ரோல் பனலில் கீபோர்டைத் திறந்து, கர்சர் சிமிட்டும் வேகத்தை இடதுகோடிக்குத் தள்ளிச் சிமிட்டலையே நிறுத்திவிடலாம். கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும், ஆனால் இரவிரவாகத் தட்டச்சு செய்பவருக்குப் பலன் தரும். வீடியோ ஓடும்போது மட்டும் பிஎஸ்ஆரிடம் எதுவும் எதிர்பார்க்க வேண்டாம். அது டிபிஎஸ்டியின் களம். பற்றரியில் படம் பார்ப்பதுதான் முக்கிய வேலை என்பவருக்கு இந்தத் தீர்ப்பு தலைகீழாக மாறும், அதை மறைக்கத் தேவையில்லை.

நிறம் பார்த்து வேலை செய்பவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. காத்தான்குடி, கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று என்று எங்கே பார்த்தாலும் கல்யாண ஆல்பம் வடிவமைப்பவர்கள் லப்டொப்பில்தான் வேலை செய்கிறார்கள். கரண்ட் போனாலும் ஃபோட்டோஷொப்பை மூடுவதில்லை. சார்ஜர் போன அந்த நிமிடத்தில் டிபிஎஸ்டி ஓடத் தொடங்கும், ஏனென்றால் இது பற்றரியில் மட்டும் இயங்கும்படிதான் வழமையாக இருக்கும். மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டுப் படம் வந்தால் பின்னொளி இறங்கும், நிழல் பகுதி தூக்கப்படும். கோட்டின் மடிப்பெல்லாம் நன்றாகத் தெரிகிறது என்று நீங்கள் அப்படியே விடுவீர்கள். அச்சில் அது வெறும் கரிக்கட்டையாக வரும். அடுத்த படம் வெள்ளைப் பந்தல் என்றால் வேறு மாற்றம். ஒரே திரையில் அடுத்தடுத்து பார்க்கும் இரண்டு படங்களை இரண்டு வேறு அளவுகோலில் பார்க்கிறீர்கள் என்பதுதான் இதன் பொருள். அளவிடும் கருவி வைத்துத் திரையைச் சீர்செய்திருந்தாலும் அந்த உழைப்பு வீண். பிஎஸ்ஆர் பிக்சல் பெறுமானத்தைத் தொடுவதே இல்லை.

எது வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்கும் முறை எளிது. சார்ஜரைக் கழற்றுங்கள். ஒரு ஜன்னலில் வெள்ளை ஆவணம், மற்றதில் முழுக்கறுப்புப் படம். இரண்டுக்கும் இடையே மாற்றிவிட்டு வெள்ளையைக் கவனியுங்கள். ஒன்றிரண்டு வினாடியில் மெதுவாக வெளிச்சம் ஏறினால் அது பின்னொளி விளையாட்டு. சார்ஜரைக் குத்தியதும் நின்றால் சந்தேகமே இல்லை. திரையைப் படம்பிடித்து, அதாவது ஸ்க்ரீன்ஷொட் எடுத்துப் பார்த்தால் எந்த மாற்றமும் தெரியாது. மாற்றம் அதற்குப் பிறகுதான் நடக்கிறது. எச்டிஎம்ஐயில் பூட்டிய வெளி மொனிட்டரிலும் தெரியாது.

பிஎஸ்ஆர் பிசகினால் அறிகுறி வேறு. தட்டிய எழுத்து ஒரு கணம் பிந்தி வரும். மவுஸை அசைக்கும்வரை திரை பழைய படத்தில் உறைந்து நிற்கும். அடியில் ஒரு பட்டை பழைய உள்ளடக்கத்தோடு தங்கும். சும்மா விட்டு ஒரு வினாடியில் ஒருதரம் வெட்டும். மூடியை அசைக்கும்போது வெட்டினால் இரண்டும் இல்லை, பிணைச்சலுக்குள் போகும் கேபிள்தான். கரையோரத்து உப்புக் காற்றில் கேபிளின் முனை பச்சை பூத்திருப்பது நமது பக்கம் அடிக்கடி காணக்கூடியது, அதற்கு டிரைவரில் மருந்தில்லை.

நிறுத்தும் வழி. இன்டெல் என்றால் மைக்ரோசொஃப்ட் ஸ்டோரிலிருந்து இன்டெல் கிராபிக்ஸ் கமாண்ட் சென்டர். சிஸ்டம், பவர், பிறகு ஒன் பற்றரி. அங்கே டிஸ்பிளே பவர் சேவிங்ஸ் என்ற சுவிட்சை அணையுங்கள், பனல் செல்ஃப் ரிஃப்ரெஷ் என்பது தனியாக இருந்தால் அதைத் தொடாதீர்கள். ஏஎம்டி என்றால் அட்ரினலின் மென்பொருளில் பற்சக்கரம், டிஸ்பிளே, வாரி பிரைட். விண்டோஸ் 11இல் மூன்றாவது ஒரு இடமும் உண்டு, பலர் மறப்பது இதைத்தான். செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்பிளே, பிரைட்னஸ் பக்கத்து அம்புக்குறியை விரித்தால் உள்ளடக்கத்துக்கு ஏற்ப வெளிச்சத்தை மாற்றும் தெரிவு இருக்கும். அதை ஒஃப் ஆக்க வேண்டும். இன்டெல் மென்பொருளில் நிறுத்தியும் திரை மங்குகிறதென்றால் முதலில் பார்க்க வேண்டியது இங்கேதான். என்விடியா கார்ட் உள்ள லப்டொப்பிலும் உள்ளேயிருக்கும் திரை பெரும்பாலும் இன்டெல் அல்லது ஏஎம்டி பக்கத்தோடுதான் இணைந்திருக்கும். என்விடியா கன்ட்ரோல் பனலுக்குள் தேடினால் நேரம்தான் போகும்.

இன்டெல் மென்பொருளில் அந்த சுவிட்சே இல்லாத லப்டொப்புகள் உண்டு. அதற்கு விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் ரெஜிஸ்ட்ரிதான் வழி, முதலில் மாற்றப்போகும் சாவியை (கோப்புறை போன்ற பகுதியை) எக்ஸ்போர்ட் பண்ணி வைத்துக்கொள்ளுங்கள். லோக்கல் மெஷினுக்குள் சிஸ்டம், கரண்ட்கன்ட்ரோல்செட், கன்ட்ரோல், கிளாஸ் என்று இறங்கி, 4டி36இ968 என்று தொடங்கும் சாவியைத் திறந்தால் 0000, 0001 என்ற உட்சாவிகள் வரும். எதில் டிரைவரின் பெயர் இன்டெல் என்று இருக்கிறதோ அதற்குள் ஃபீச்சர்டெஸ்ட்கன்ட்ரோல் என்ற பெறுமானத்தைத் தேடுங்கள். பதினறும எண்ணாக 9240 என்று இருந்தால் 9250 ஆக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். எல்லா இயந்திரத்திலும் 9240 இருக்காது, பலர் வேறு எண்ணைக் கண்டும் கண்ணை மூடிக்கொண்டு 9250 என்று எழுதி வேறெதையோ குழப்பிவிடுகிறார்கள். விதி இதுதான்: கடைசிக்கு முந்திய இலக்கம் இரட்டை என்றால் ஒன்று கூட்டுங்கள், மற்ற இலக்கங்களைத் தொடாதீர்கள். ஏற்கெனவே ஒற்றை என்றால் டிபிஎஸ்டி அணைந்துதான் இருக்கிறது, பிரச்சினை வேறெங்கோ. விண்டோஸ் அப்டேட் புது டிரைவரைப் போட்டால் இந்த எண் பழையபடி திரும்பிவிடும். திடீரென்று ஒருநாள் திரை மறுபடி மங்கத் தொடங்கினால் பனலைச் சந்தேகிக்கும் முன் இதைத் திறந்து பாருங்கள்.

லினக்ஸ் பாவிப்பவர்களுக்குச் சுருக்கமாக. ஏஎம்டி சிப்பில் 2024க்குப் பிந்திய விநியோகங்களில் பவர் சேவர் நிலைக்கு மாற்றினாலே நிறம் வெளிறும், பவர் புரொஃபைல்ஸ் டீமன் என்ற சேவை ஏபிஎம்மை ஏற்றிவிடுவதால் வருவது அது. மட்டம் 0 முதல் 4 வரை. ஏஎம்டிஜிபியு மொடியூலுக்கு ஏபிஎம்லெவல் என்ற அளவுருவை 0 எனக் கேர்னல் வரியில் கொடுத்தால் நின்றுவிடும். மட்டம் 1ஐ விட்டுவைப்பதில் பெரிய குற்றமில்லை. 3க்கு மேல் போனால் வெள்ளை வெள்ளையாக இராது. இன்டெலில் பிஎஸ்ஆர் தொல்லை தந்தால், கிடைக்கும் அறிவுரை எல்லாம் இன்டெலின் லினக்ஸ் டிரைவரான ஐ915இன் எனேபிள்_பிஎஸ்ஆர் அளவுருவை 0 ஆக்கச் சொல்லும். உடனே அதற்குப் போகாமல் முதலில் 1 கொடுத்துப் பாருங்கள். 0 முழுவதும் அணைக்கும். 1 என்றால் பழைய பிஎஸ்ஆர் மட்டும், பகுதி பகுதியாக அனுப்பும் பிஎஸ்ஆர்2 நிற்கும். பட்டை தங்குவது, துண்டு துண்டாகப் பழைய படம் தெரிவது எல்லாம் பெரும்பாலும் இந்தப் பகுதி அனுப்பலின் வேலை என்பதால், மிச்சத்தின் ஒரு பங்கையாவது காப்பாற்றிக்கொள்ளலாம்.

அளக்காமல் நம்ப வேண்டாம், நாம் சொல்வதையும் சேர்த்துத்தான். வெளிச்சம் 50 சதவீதம், வைஃபை அணைப்பு, ஒரு வெள்ளை ஆவணம். சார்ஜரைக் கழற்றி ஐந்து நிமிடம் அடங்க விட்டு, அடுத்த பத்து நிமிடச் சராசரியை எடுங்கள். விண்டோஸில் எச்டபிள்யு இன்ஃபோ மென்பொருளில் பற்றரிப் பகுதியில் வாட் காட்டும், லினக்ஸில் பற்றரிக் கோப்புறையின் பவர்_நவ் கோப்பு மைக்ரோவாட்டில் சொல்லும். ஒரு சுவிட்சை மட்டும் மாற்றி, ரீஸ்டார்ட் செய்து, திரும்ப அளக்க வேண்டும். 0.2 வாட்டுக்குக் குறைந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள், பின்னணியில் ஓடும் ஒரு அப்டேட்டே அவ்வளவு இழுக்கும். பனலுக்குப் பனல் எண் மாறும், ஒருவருடைய லப்டொப்பின் மிச்சத்தை மற்றவரின் மொடலுக்குப் பொருத்திப் பார்க்க முடியாது.

ஓஎல்இடி திரைக்கு மேற்சொன்ன பின்னொளிக் கதை பொருந்தாது, அதில் பின்னொளியே இல்லை. ஒவ்வொரு பிக்சலும் தானே எரிகிறது, ஆகவே அங்கே கறுப்புத் தீம் போடுவது உண்மையிலேயே மிச்சம். எல்சிடியில் கறுப்புத் தீம் கண்ணுக்கு மட்டும்தான் சுகம்.

ரீகண்டிஷன் லப்டொப் வாங்குகிறவர்களும் பனல் மாற்றப் போகிறவர்களும் ஒன்றைக் கேட்டு வைத்துக்கொள்ளலாம். பிஎஸ்ஆர் கிராபிக்ஸில் மட்டும் இருந்தால் போதாது, பனலின் போர்டில் அந்த நினைவகமும் இருக்க வேண்டும். 30 பின், 15.6 அங்குலம், ஃபுல் எச்டி என்று மூன்றும் பொருந்தினால் கடையில் பூட்டித் தந்துவிடுவார்கள், படமும் அழகாக வரும். ஆனால் மலிவுப் பனலில் பிஎஸ்ஆர் இல்லாவிட்டால் எந்த எச்சரிக்கையும் வராது, பற்றரி மட்டும் முன்னைவிடச் சீக்கிரம் இறங்கும். பழைய பனலின் பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள முழு மொடல் எண்ணைப் படம்பிடித்துக் கொண்டுபோய் அதே எண்ணைக் கேளுங்கள், கடைசி எழுத்து மாறியிருந்தாலும் ஏன் என்று கேளுங்கள். பூட்டி முடிந்ததும் கடையிலேயே சார்ஜரைக் கழற்றச் சொல்லி, வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, கைவைக்காமல் ஒரு நிமிடம் பாருங்கள். பிறகு மூடியை இரண்டு தரம் சாய்த்து நிமிர்த்திப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுக்கலாம்.